பிழையறியா வீரன் பெருவீரனா?

ஓர் இனம் தன் வெற்றியைப் பாடும் முறையைக் கொண்டு அதன் ஊக்கத்தை அளக்கலாம். தன் வீழ்ச்சியைப் பாடும் முறையைக் கொண்டே அதன் அறிவை அளக்கலாகும். இந்த இரண்டாவது அளவுகோலினால் இன்று நம்மை நாமே அளந்து பார்க்கவேண்டிய காலம் வந்திருக்கிறது.

கோமாரி தொடங்கித் திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், காரைதீவு எனக் கல்முனை வரை நீளும் இக்கரையோரத்திலே வாழும் தமிழ் பேசும் மக்களாகிய நாம், தமிழரும் முஸ்லிம்களும், ஒரு தலைமுறைக் காலத்துள் கண்ட துன்பங்கள் கொஞ்சமல்ல. 1983 தொடங்கி 2009 வரை நீண்ட போர் நம் வீடுகளை வெறுமையாக்கிற்று. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் பொங்கிய கடல், இலங்கையின் எந்த மாவட்டத்திலும் பார்க்க மிகுதியான உயிர்களை அம்பாறை மாவட்டத்திலேயே கொண்டு சென்றது. இத்தனையும் கண்ட நாம் இவற்றை எவ்வாறு பாடுகின்றோம்? நமது மேடைகளிலே பெரும்பாலும் இரண்டே குரல்கள் கேட்கின்றன. ஒன்று வீர முழக்கம், மற்றொன்று ஒப்பாரி. முழக்கத்திலே நம்மவர் பிழையே செய்யாதவர். ஒப்பாரியிலே நம்மவர் எதுவுமே செய்யாதவர். செய்தவனும் நாமே, அதனால் வீழ்ந்தவனும் நாமே என்று சொல்லும் மூன்றாவது குரல் ஒன்றுண்டு. பண்டை நாடகம் அக்குரலை அவல வீரனுக்குக் கொடுத்தது. அக்குரல் நமது களரியிலிருந்து மங்கி வருகின்றது. அதனைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

அவல வீரன் யார்?

துன்பப்படுபவர் எல்லாரும் அவல வீரர் அல்லர். இந்த வேறுபாட்டை நமது கமக்காரருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மழை பொய்த்து வயல் கருகுவது வேறு; மடை திறக்கும் நாளில் வரம்புச் சண்டையில் மூழ்கியிருந்து விளைந்த பயிரைப் பறிகொடுப்பது வேறு. முன்னதற்கு அழுவோம். பின்னதற்கு அழுவதோடு நில்லாமல், நெஞ்சிலே கைவைத்து யோசிப்போம். கடல் கொண்டவனுக்காக நாம் சிந்தும் கண்ணீர் இழவின் கண்ணீர். தானே எடுத்த முடிவினால், தன் பெருமைக்குக் காரணமான அதே குணத்தினால் வீழ்ந்தவனுக்காகச் சிந்தும் கண்ணீரே அவலநாடகத்தின் கண்ணீர்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டிலே கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் தமது கவிதையியலில் இதற்கு வரம்பு வகுத்தார். முற்றும் நல்லவன் ஒருவன் காரணமின்றி வீழ்வதைக் காட்டினால் அது நெஞ்சை வெறுப்படையச் செய்யும். முற்றும் தீயவன் வீழ்வதைக் காட்டினால் இரக்கமே பிறவாது. ஆகவே இரண்டிற்கும் இடைப்பட்டவனாய், பெரும்புகழும் உயர்நிலையும் உடையவனாய், கொடுமையினாலன்றித் தன் தவறொன்றினால் வீழ்கின்றவனே அவல நாடகத்திற்கு உரிய தலைவன் என்பது அவர் முடிபு. அவனைக் கண்டு இரங்குகிறோம். அவன் தண்டனை அவன் பிழையினும் பெரிது. அவனைக் கண்டு அஞ்சுகிறோம். அவன் நம்மைப் போன்றவன்.

இதற்கு எடுத்துக்காட்டாக எல்லாரும் சொல்வது சொபோக்கிளிசின் ஈடிப்பஸ் மன்னன். தீபசு நகரைக் கொள்ளைநோய் வாட்டுகிறது. முன்னைய மன்னனைக் கொன்றவன் நகருக்குள் இருப்பதே காரணம் என்று தெய்வவாக்கு வருகிறது. கொலைஞனைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று சூளுரைத்து ஆராயும் ஈடிப்பஸ், தேடப்பட்டவன் தானே என்றும், கொல்லப்பட்டவன் தன் தந்தையே என்றும் காண்கிறான். உண்மை வெளிப்படும் நேரத்தில் விசாரணையை நிறுத்திவிடும்படி மனைவி கெஞ்சுகிறாள்; அவன் நிறுத்தவில்லை. நகரைக் காக்க முனைந்த அவன் அறிவும் உறுதியுமே அவனைக் கெடுத்தன. ஆயினும் கெட்ட பின்னர் அவன் பழியைப் பிறர்மேற் சுமத்தி ஓடவில்லை. தன் கண்களைத் தானே பறித்துக்கொண்டு தான் விதித்த தண்டனையைத் தானே ஏற்றான். அந்த ஏற்பிலே அவனுடைய பெருமை இருக்கிறது.

இது பிறநாட்டுச் சரக்கா?

“இது கிரேக்கர் சரக்கு, தமிழர்க்கும் இதற்கும் தொடர்பென்ன?” என்று கேட்பாருளர். அவர்கள் மதுரையை மறந்தவர்கள்.

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியனை எண்ணிப் பாருங்கள். அவன் கொடுங்கோலன் அல்லன். பொற்கொல்லன் சொல்லை நம்பி, ஒருகணம் ஆராயத் தவறிக் கோவலனைக் கொல்ல ஆணையிட்டான். தவறு ஒன்றே, அதுவும் ஒரு நொடியில் நிகழ்ந்தது. கண்ணகி அரசவையிலே சிலம்பை உடைத்து மாணிக்கத்தைக் காட்டியபோது அவன் செய்ததென்ன? காவலரைக் கூவினானா? அமைச்சரைக் குற்றஞ்சாட்டினானா? கள்வன் தானே என்று உணர்ந்து, அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் நீத்தான். தவறும், தவற்றை அறிதலும், அதன் பயனை ஏற்றலும் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இந்தக் காட்சிக்கு மேல் ஓர் அவல வீரனை எந்த நாட்டில் தேடுவது? அரசியல் பிழைத்தோர்க்கு அறமே கூற்றாகும் என்ற உண்மையை நிறுவ வந்த காப்பியம், அந்த அரசனைத் தூற்றவில்லை என்பதையும் கருதுங்கள். அவன் வளைத்த கோலை அவன் உயிரே நிமிர்த்தியது என்றன்றோ அது போற்றுகின்றது!

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அழுகைக்கு நான்கு நிலைக்களங்கள் கூறினார். இளிவு, இழவு, வறுமை ஆகிய மூன்றோடு அசைவு என்ற ஒன்றையும் சேர்த்தார். முன்னிருந்த நிலை கெட்டு வேறொரு நிலையடைந்து வருந்துவதே அசைவு என்பது உரைகாரர் விளக்கம். உயர்ந்தவன் நிலைகுலைந்து நிற்பதைக் கண்டு பிறக்கும் அழுகை, உயிரிழப்பைக் கண்டு பிறக்கும் அழுகையினின்றும் வேறானது என்று நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வடமொழி நாடக மரபு தலைவனின் இறப்பை மேடையிற் காட்டுவதை விலக்கியது. எனினும் அங்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. திருவனந்தபுரத்துக் கணபதி சாஸ்திரியார் 1912 முதல் பதிப்பித்த 13 நாடகங்கள் பாசருடையவை எனப்படுகின்றன. அவற்றுள் ஒன்றான ஊருபங்கத்திலே, தொடை முறிந்து கிடக்கும் துரியோதனன் பழிவாங்கத் துடிக்கும் அசுவத்தாமனைத் தடுக்க முயல்கிறான். தன் மைந்தனுக்குப் பாண்டவரை மதித்து நடக்கும்படி புத்தி சொல்கிறான். சொல்லிவிட்டு மேடையிலேயே சாகிறான். வாழ்நாள் முழுவதும் வணங்காமுடியாய் வாழ்ந்தவன் சாகுந் தறுவாயிலே மனிதனாகிறான்.

நமது மண்ணும் இத்துறையிலே பின்தங்கியதன்று. காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்த விபுலாநந்த அடிகள் 1926ஆம் ஆண்டு மதங்க சூளாமணி என்ற நூலை வெளியிட்டார். சிலப்பதிகாரத்திலே புதைந்து கிடந்த தமிழ் நாடகச் செய்திகளை ஒருபுறமும், வடமொழித் தசரூபகத்தை மறுபுறமும் வைத்து, நடுவிலே ஷேக்ஸ்பியரின் நாடகங்களை எடுத்துக்காட்டாக நிறுத்தினார். மூன்று மரபுகளும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணக்கூடியவை என்பதை ஏறக்குறைய 100 ஆண்டுகளுக்கு முன்னரே இக்கரையோரத்து மைந்தர் ஒருவர் காட்டிவிட்டார். நாம்தான் இன்னும் “உள்ளூர்ச் சரக்கா, வெளியூர்ச் சரக்கா?” என்று வாசலில் நின்று வழக்காடுகிறோம்.

களரியில் நிற்கும் கர்ணன்

ஏட்டில் உள்ளதை விடுவோம். நாட்டில் உள்ளதைப் பார்ப்போம். கிழக்கிலங்கையின் கூத்து மரபு வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். வடமோடி பெரும்பாலும் பாரத இராமாயணப் போர்க் கதைகளை எடுத்துக்கொள்வது. தென்மோடியில் காதற் கதைகள் மிகுதி. சட்டங்கொடுத்தல், கிழமைக் கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் எனப் பல படிகளைத் தாண்டியே ஒரு கூத்து அரங்கேறும். மாதக்கணக்கில் ஓர் ஊரே ஒன்றுகூடி உழைத்தாலன்றி அது நடவாது. மத்தளமும் சல்லரியும் ஒலிக்க, கரப்புடுப்பும் முடியும் அணிந்து, வட்டக்களரியிலே அண்ணாவியாரின் தாளக்கட்டுக்கு ஆடிவருபவன் அடுத்த வீட்டு விவசாயி. அவன் கர்ணனாக வீழும்போது ஊர் அழுகிறது.

கர்ணன் ஏன் வீழ்ந்தான்? பரசுராமரிடம் பொய்யுரைத்து வித்தை கற்றான், சாபம் பெற்றான். திரௌபதியை அவையிலே இழித்துரைத்தான். அந்தப் பழி அவனை விடவில்லை. இவை அவன் குற்றங்கள். ஆனால் அவனைக் கொன்றவை அவன் குற்றங்கள் மட்டுமா? கவச குண்டலங்களைக் கேட்டு வந்தவன் இந்திரன் என்று அறிந்தும் அறுத்துக் கொடுத்தது அவன் கொடை. பெற்ற தாயே வந்து அழைத்தபோதும் துரியோதனனை விட்டு அகல மறுத்தது அவன் செஞ்சோற்றுக் கடன். கொடையும் நன்றியும் நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பண்புகள் அல்லவா? அவையே தவறான பக்கத்தில் நின்றபோது அவனைக் கொன்றன. அறம் எந்தப் பக்கம் இருக்கிறதென்று தெரிந்தும், நன்றி எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் சென்ற வீரனை, நல்லவனென்று சொல்வதா, தீயவனென்று சொல்வதா? விடை எளிதன்று. எளிதன்மையே அவலத்தின் உயிர்.

கம்பன் காட்டும் கும்பகருணனும் இத்தகையவனே. அண்ணன் செய்தது பிழையென்று அவன் முகத்துக்கு நேரே சொன்னவன். சொல்லிவிட்டு அதே அண்ணனுக்காகப் போருக்குச் சென்று மாண்டவன். கட்சிக்கும் கொள்கைக்கும், உறவுக்கும் உண்மைக்கும் இடையே நின்று தவித்தவர் எவரும் அவனைப் புரிந்துகொள்வர்.

அவலம் நெஞ்சிலே எழுப்பும் இரக்கத்தையும் அச்சத்தையும் அதுவே கழுவித் தூய்மை செய்கின்றது என்று அரிஸ்டோட்டில் சொன்னார். அதன் பொருள் யாதென்று மேனாட்டார் நூற்றாண்டுகளாக விவாதிக்கின்றனர். கிழக்கிலங்கையார் அதனை வைகாசி மாதந்தோறும் கண்டு வருகின்றோம். கண்ணகி அம்மன் கோயில்களிலே வழக்குரை பாடப்படுகிறது. அநியாயமாய்க் கொல்லப்பட்டவனின் கதை, அரசன் பிழைத்த கதை, மதுரை எரிந்த கதை யாவும் சொல்லப்படுகின்றன. ஈற்றிலே குளுர்த்தி. எரிந்த சினத்தைக் குளிரச் செய்தல். கதையைச் சொல்லாமல் குளிர வைப்பதில்லை. சொல்லிவிட்டுக் குளிராமல் விடுவதும் இல்லை. பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயிலிலே பாரதக் கதை வனவாசம், தவநிலை என நாள்தோறும் நடித்துக் காட்டப்பட்டுத் தீமிதிப்பிலே முடிகின்றது. இவை வழிபாடுகள், நாடகங்கள் என்று சுருக்கிவிட நாம் துணியோம். ஆயினும் துயரை முழுவதும் சொல்லித் தீர்த்த பின்னரே நெஞ்சு குளிரும் என்ற உளவியலை இம்மக்கள் எவரிடமும் கடன் வாங்கவில்லை என்பதற்கு இவை சான்றாகும்.

இராவணனுக்கு நேர்ந்த இரு கொலைகள்

அவல வீரனை இரண்டு வகையாற் கொல்லலாம். அரக்கனாக்கிக் கொல்லலாம், குற்றமற்ற தெய்வமாக்கியும் கொல்லலாம். இலங்கை வேந்தன் இராவணனுக்கு இரண்டும் நேர்ந்தன.

நெடுங்காலம் அவனைப் பத்துத் தலைப் பூதமாக்கி ஆண்டுதோறும் எரித்தார்கள். அதற்கு மறுமொழியாகத் தமிழகத்திலே புலவர் குழந்தை 1946ஆம் ஆண்டு இராவண காவியம் பாடினார். அரசு 1948ஆம் ஆண்டு அதனைத் தடைசெய்தது. 1971ஆம் ஆண்டிலேயே தடை நீங்கிற்று. இகழப்பட்டவனை மீட்க எழுந்த அந்த நூலின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. நூலொன்றைத் தடைசெய்வதை எந்நாளும் ஒப்பமாட்டோம். எனினும் ஒன்று கேட்கவேண்டும். இராவணனைக் குற்றமே இல்லாதவனாக்கிவிட்டால் அவன் வீழ்ச்சியிலிருந்து நாம் கற்க என்ன இருக்கிறது? மாற்றான் சூழ்ச்சி செய்தான், தம்பி காட்டிக் கொடுத்தான், ஆகவே வீழ்ந்தான் என்ற இரண்டு வரியோடு பாடம் முடிந்துவிடும். அந்த இரண்டு வரிப் பாடத்தையே நாம் அரசியலிலும் படித்துக்கொண்டிருக்கிறோம் அல்லவா?

இந்த இரு கொலைகளிலிருந்தும் இராவணனைக் காத்தவர்கள் கிழக்கிலங்கைக் கூத்தைக் கற்றவர்களே. பேராதனைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணைகொண்டு 1962ஆம் ஆண்டு கர்ணன் போரை மேடையேற்றினார். விடிய விடிய ஆடப்பட்ட கூத்து நகரத்து மேடைக்கேற்பச் சுருங்கிச் செறிவுற்றது. அவ்வழியிலே அதே பத்தாண்டில் இராவணேசன் பிறந்தது. அதனை எழுதியவர் அன்று மாணவராயிருந்த மட்டக்களப்பின் சி. மௌனகுரு. பிற்காலத்திலே பேராசிரியராகி அதனை மீண்டும் மீண்டும் மேடைக்குக் கொணர்ந்தார். அந்த இராவணன் பூதமும் அல்லன், தெய்வமும் அல்லன். மகனையும் தம்பியையும் இழந்து, தன் வைராக்கியத்தின் விலையை அறிந்து, அறிந்தும் பின்வாங்க மாட்டாது போருக்குச் செல்லும் மனிதன்.

அயலவரிடமும் நாம் கற்பதற்குண்டு. தனிச் சிங்களச் சட்டம் பிறந்த 1956ஆம் ஆண்டிலேயே எதிரிவீர சரச்சந்திரா ‘மனமே’ நாடகத்தை அரங்கேற்றினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட ‘நாடகம’ என்ற வடிவம் தமிழ்க் கூத்தின் வழியில் வந்தது என்பதை அவரே ஆராய்ந்து எழுதியவர். சட்டம் பிரித்த ஆண்டிலே கலை உறவை நினைவூட்டியது. பின்னர் 1961ஆம் ஆண்டு அவர் ‘சிங்கபாகு’வை அளித்தார். தம் இனத்தின் தோற்றக் கதையையே எடுத்து, மகன் கையம்பால் மாளும் சிங்கத் தந்தைக்காகச் சிங்கள மக்களையே அழவைத்தார். தம் குலமுதல்வனின் கையிலே தந்தையின் இரத்தம் இருப்பதை மேடையிற் காட்ட ஒரு கலைஞருக்குத் துணிவும், அதனைக் கண்டு கைதட்ட ஒரு மக்கட் கூட்டத்துக்கு மனமும் இருந்தன. ஆட்சியாளர் செயலை எதிர்க்கும் நாம் அந்தக் கலைஞரின் துணிவைப் போற்றத் தயங்கவேண்டியதில்லை.

கத்திரிக்கோல் எங்கே விழுகிறது?

இன்று நமது பாடசாலைகளில் நிலைமை யாது? உயர்தர வகுப்பிலே நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாக இருக்கிறது. கிரேக்க அரங்கும் அதில் உண்டு. கதைப்பின்னல், பாத்திரம், கருத்து, மொழி, இசை, காட்சி என்ற அரிஸ்டோட்டிலின் ஆறு உறுப்புக்களை ஒப்புவிக்கும் மாணவர் பலருண்டு. அதே மாணவர் தம் அயலூர்க் களரியிலே ஒரு கர்ணனை விடியும்வரை இருந்து பார்த்ததுண்டா என்று கேளுங்கள். பலரிடமிருந்து மௌனமே மறுமொழியாக வரும்.

ஆண்டுதோறும் தமிழ்த்தினப் போட்டிகளிலே நாட்டுக்கூத்துக்கும் இடமளிக்கப்படுவது நல்லதே. ஆயின் குறித்த சில நிமிடங்களுக்குள் ஆடிமுடிக்க வேண்டுமென்றால், கத்திரிக்கோல் எங்கே விழுகிறது? நாம் கண்ட பல போட்டிக் கூத்துக்களிலே வரவாட்டம் இருந்தது, போராட்டம் இருந்தது, உடுப்பின் மினுமினுப்பு இருந்தது. கர்ணன் தாயின் முன் நின்று தவிக்கும் இடம் இல்லை. கும்பகருணன் அண்ணனை எதிர்த்துப் பேசும் இடம் இல்லை. நெஞ்சு இரண்டாகும் இடங்களை வெட்டிவிட்டு வாள் இரண்டாகும் இடங்களை வைத்துக்கொண்டால் எஞ்சுவது உடற்பயிற்சி. சுருக்குவதை நாம் குறைகூறவில்லை, வித்தியானந்தனும் சுருக்கியவரே. எதைக் காக்கச் சுருக்குகிறோம் என்பதே கேள்வி.

ஏதென்சு நகரத்தார் செய்தது

“அழுது களைத்த மக்களுக்கு இன்னும் அவலமா?” என்று சிலர் கேட்பர். “காயம் ஆறாதவனிடம் அவன் பிழையைப் பேசலாமா?” என்று வேறு சிலர் கேட்பர். இரண்டும் மதிக்கத்தக்க கேள்விகளே.

முதலாவதற்கு ஏதென்சு நகரம் மறுமொழி தருகிறது. கி.மு. 480இல் சலாமிசுக் கடற்போரிலே ஏதென்சு நகரத்தார் பாரசீகப் பேரரசை முறியடித்தனர். எட்டே ஆண்டுகளின் பின், கி.மு. 472இல், அந்தப் போர்களிலே நின்ற ஈஸ்கிலசு ‘பாரசீகர்’ என்ற நாடகத்தை அரங்கேற்றினார். அதிலே வெற்றிக் கூத்தாட்டம் இல்லை. தோற்ற பாரசீகரின் அரண்மனை, அரசனின் தாய், கந்தல் உடையோடு திரும்பிவரும் அரசன், அவன் செருக்கின் விலை. தம் நகரை எரித்தவர்களின் துயரத்தை வென்றவர்கள் இருந்து பார்த்தார்கள்; பரிசும் வழங்கினார்கள். கி.மு. 416இல் அதே ஏதென்சு, மேலோசுத் தீவின் ஆடவரைக் கொன்று பெண்டிரையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்கியது. அடுத்த ஆண்டே யூரிப்பிடிசு ‘திரோய்ப் பெண்கள்’ என்ற நாடகத்திலே, வீழ்ந்த நகரொன்றின் பெண்களை அந்த ஏதென்சு மக்களின் முன்னாலேயே கதறவைத்தார். நாடகம் அவர்களுக்குப் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை. நகரசபை செய்யாத விசாரணையை அரங்கு செய்தது.

நம்மிடம் அந்த விசாரணை நடந்ததா? 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்றோர் கொல்லப்பட்டனர். அதே மாதம் 12ஆம் நாள் வீரமுனைப் பிள்ளையார் கோயிலிலே அடைக்கலம் புகுந்திருந்தோர் கொல்லப்பட்டனர். இடையே பத்து நாட்களும் இல்லை. ஒன்றை ஒரு சாரார் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றனர். மற்றதை மற்றச் சாரார் நினைவுகூர்கின்றனர். அவரவர் துயரை அவரவர் பாடுகின்றோம். அயலவன் துயரைத் தன் களரியிலே பாடியவர் எத்தனை பேர்? தன்னவர் கை செய்ததைத் தன் மேடையிலே விசாரித்தவர் எத்தனை பேர்? ஒரே மொழியிலே அழுகின்ற இரு சமூகங்கள், ஒருவர் அழுகை மற்றவர்க்குக் கேளாதவாறு வாழ்கின்றனவே, இதனினும் பெரிய அவலம் வேறு வேண்டுமோ?

இரண்டாவது கேள்விக்கும் விடை கூறுவோம். அவல நாடகம் வீழ்ந்தவனைப் பார்த்து “உனக்கு வேண்டும்” என்று சொல்வதன்று. பிழையினும் தண்டனை பெரிதாயிருப்பதே அதன் இலக்கணம் என்று முன்னரே கண்டோம். கர்ணன் கதை இந்திரனின் வஞ்சனையை மறைக்கவில்லை. குந்தியின் மௌனத்தை மறைக்கவில்லை. தேர்ச்சக்கரம் புதைந்து நின்றவன்மேல் அம்பு விடுக்கப்பட்டதை மறைக்கவில்லை. பிறர் செய்த அநீதியை ஒரு கண்ணாலும், தன் தவற்றை மறு கண்ணாலும் அது பார்க்கிறது. நமக்கு இழைக்கப்பட்ட அநீதிகளுக்கு நீதி கேட்பதை ஒருநாளும் கைவிடவேண்டியதில்லை. ஆனால் பிழையே செய்யாதவன் என்ற வேடத்தோடு நீதி கேட்பவனைக் காட்டிலும், தன் பிழையையும் சேர்த்துச் சொல்லி நீதி கேட்பவனின் குரலுக்கே உலகம் செவிசாய்க்கும். வழக்கறிஞர்கள் இதனை அறிவார்கள். பாதி உண்மை சொன்ன சாட்சி குறுக்கு விசாரணையிலே விழுந்துவிடுவான்.

தலைவர்களுக்கும் இதிலே பாடமுண்டு. பிழை செய்யாத வீரனையே கண்டு பழகிய மக்கள், தம் தலைவனிடம் கேள்வி கேட்க அஞ்சுவர். கேள்வி கேளாத மக்களிடையே தலைவன் செய்யும் சிறுபிழை பெரும்பிழையாகும். நெடுஞ்செழியன் அவையிலே “சற்றுப் பொறுங்கள், விசாரிப்போம்” என்று சொல்ல ஒருவன் இருந்திருந்தால் மதுரை எரிந்திராது. அரங்கிலே வீரனின் பிழையைக் கண்டு பழகியவனே அவையிலே எழுந்து அந்தச் சொல்லைச் சொல்வான்.

செய்யவேண்டியவை

வெறும் அறிவுரையோடு நிறுத்த நாம் விரும்பவில்லை. நம் கைக்கு எட்டிய மூன்று காரியங்கள் உள.

முதலாவது, பெரும்போக அறுவடை முடிந்து கையிலே நெல்லும் நெஞ்சிலே ஓய்வும் உள்ள மாதங்களிலே, கூத்து மரபுள்ள ஒவ்வோர் ஊரும் ஒரு கூத்தையேனும் முழுமையாக ஆடட்டும். அண்ணாவிமார் முதுமை எய்தி வருகின்றனர். அவர்களிடமுள்ள ஏடுகளைப் படியெடுத்துக் காப்பதும், அவர்களுக்கு மாணவரைத் தேடிக் கொடுப்பதும் ஆசிரியர், வைத்தியர், வழக்கறிஞர் முதலிய கற்றவர் கடன். ஏதென்சிலே நாடகக் குழுவின் செலவைப் பொருளுடையோர் ஏற்பது நகரக் கடமையாயிருந்தது. நம்மூர்ப் பொருளுடையோர் அதனை எண்ணிப் பார்க்கட்டும்.

இரண்டாவது, போட்டிகளை நடத்துவோர் ஒரு விதியைச் சேர்க்கட்டும். வீரன் வாளெடுக்கும் காட்சி இருந்தால், வாளெடுக்குமுன் அவன் தயங்கும் காட்சியும் இருக்கவேண்டும். நடுவர்கள் ஆட்டத்துக்குப் புள்ளி வழங்குவதுபோல அந்தத் தயக்கத்துக்கும் புள்ளி வழங்கட்டும்.

மூன்றாவதே கடினமானது. தமிழ் மாணவரும் முஸ்லிம் மாணவரும் ஒருங்கிருந்து நாடகம் எழுதட்டும். அவர்கள் கர்ணனை எடுத்தாலும் சரி, ஈடிப்பசை எடுத்தாலும் சரி, நேற்று நம் ஊர்களில் நடந்ததை எடுத்தாலும் சரி. விதி ஒன்றே: தமிழ்ப் பிள்ளை தமிழன் பிழையை எழுதட்டும், முஸ்லிம் பிள்ளை முஸ்லிமின் பிழையை எழுதட்டும். அயலவன் பிழையை எழுத எவருக்கும் ஆசான் தேவையில்லை. அது தானே வரும். தன்னவன் பிழையை எழுதுவதற்கே கல்வி வேண்டும்.

வெற்றிக்குச் சிலை எழுப்பலாம். தோல்விக்கு ஒப்பாரி வைக்கலாம். இரண்டும் மக்களுக்கு வேண்டியனவே. ஆனால் சிலை பேசாது, ஒப்பாரி கேளாது. பேசவும் கேட்கவும் வல்லது களரி ஒன்றே. அங்கே பிழைசெய்த வீரனுக்கும் இடமளிப்போம்.